ஐஸ்கிறீம் பெட்டியில் ஒடியல் கூழ்

என் மனுசனுக்கு அந்தக் காலத்தில் ஒரு வருத்தம் இருந்தது. மலிவு டிக்கெட் வருத்தம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றின கையோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்திவிடுவார். எங்கேயும் போகிற யோசனையே இல்லாத நாட்களிலும் குந்துவார். "இஞ்சை வந்து பார், ஸ்டொக்ஹோமுக்குச் சும்மா குடுக்கிறாங்கள்" என்பார். ஸ்டொக்ஹோமில் எங்களுக்கு ஆர் இருக்கினம் என்று கேட்டால் அடுத்த ஊருக்கு டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவார். ஆள் இல்லாத ஊருக்கு டிக்கெட் மலிந்தென்ன, கூடினென்ன?

ஆள் உள்ள ஊர்களும் எங்களுக்குக் குறைவில்லை. நாங்கள் பீலெஃபெல்டில். என் தங்கச்சி லண்டனில். அவருடைய தம்பி டென்மார்க்கில். அவருடைய பெரியம்மாவின் மகள் இத்தாலியில், தெற்கே ஒரு மூலையில். ஒரு கலியாணவீடு என்றால் இரண்டு மூன்று நாட்டைத் தாண்ட வேண்டும். முந்தி எல்லாரும் ஒரு வாகனத்துக்குள் அடைபட்டு, மடியில் சோற்றுப் பார்சலோடு, விடிய விடிய ஓடுவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு மலிவு விமானங்கள் வந்தன. வந்த பிறகு பயணம் சுருங்கியது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

டிக்கெட்டில் டுசல்டோர்ஃப் என்று எழுதியிருக்கும். டுசல்டோர்ஃபில் போய் நின்றால் விமானத்தைக் காணமாட்டீர்கள். அது எவ்வளவோ தூரம் தள்ளி, ஹொலண்ட் எல்லையோரம், முந்தி ஆமிக்காரர் பாவித்த ஒரு வெளியில் நிற்கும். லண்டன் என்பார்கள்; இறங்கினால் சுற்றிவர வயலும் செம்மறி ஆடும். இத்தாலியில் ஒருமுறை விமான நிலையத்திலிருந்து கலியாண மண்டபத்துக்குப் போய்ச்சேர எடுத்த நேரத்தில், வந்த விமானம் ஜேர்மனிக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கும். நாங்கள் போக, தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, மாப்பிள்ளை வேட்டியை மாற்றிக் கோட்டுச் சூட்டோடு நின்றார். பெரியம்மாவின் மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். எங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்ததையும் சேர்த்துச் சொல்லுவாள்.

விமானத்துக்குள் சீற்றுக்கு நம்பர் கிடையாது. கதவு திறந்தவுடன் ஓட வேண்டும். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரரும் ஓடுவார்கள், நானும் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். என் மனுசன் ஓடமாட்டார். மெல்ல வந்து நடுச் சீற்றில் இருந்துவிட்டு, "எல்லாம் ஒரே நேரத்திலைதானே போகுது" என்று எனக்குப் புத்தி சொல்லுவார்.

ஆனால் இதெல்லாம் சின்னக் கரைச்சல். பெரிய கரைச்சல் நிறை. இவ்வளவுக்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் தண்டம். எங்கள் சனத்தின் வழக்கம் அதற்கு நேர் எதிர். ஒருவர் லண்டனுக்குப் போகிறார் என்று கதை வெளிக்கிட்டால் போதும், வீட்டு மணி அடிக்கத் தொடங்கும். "போறியளாம். இது ஒரு சின்னச் சாமான், ஒருக்காக் குடுத்து விடுறியளோ?" சின்னச் சாமான் என்றால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒரு குழந்தைச் சட்டை, மச்சாளுக்கு ஒரு சோடிச் செருப்பு. ஏலாது என்று சொல்ல ஏலாது. அடுத்த மாதம் அவர்கள் போகும்போது எங்கள் சாமான் போக வேண்டுமே. குளியலறையில் நிறை பார்க்கிற தராசில் பெட்டியை ஏற்றி, இறக்கி, அதைத் தூக்கிக்கொண்டு நானே ஏறி, என் நிறையைக் கழித்து, அப்படி ஒரு கணக்கு. மிஞ்சினதை உடம்பில் போட வேண்டும். ஆடி மாத வெயிலில் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டனில் இறங்கியிருக்கிறேன். ஒரு கோட்டுப் பொக்கற்றுக்குள் கறுவா, மற்றதுக்குள் ஆருடையவோ வெற்றிலை.

கவுண்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, வேறு ஆரும் ஏதும் தந்துவிட்டார்களா? முதல்தரம் நான் உண்மையைச் சொன்னேன். ஓம், எங்கள் சனம் பாதிப் பேர் தந்தவை என்றேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்து அடுக்கினார்கள். மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்த பெடியன் தும்மின தும்மலில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு "நான்தான் அடுக்கினேன், ஒருவரும் ஒன்றும் தரவில்லை" என்று சொல்லப் பழகிவிட்டேன். ஐரோப்பாவில் பறக்கிற எல்லாத் தமிழரும் சொல்லுகிற பொய்தான்.

கூழ்ப் பயணம் நடந்தது இந்தப் பழக்கமெல்லாம் ஊறின பிறகு. விமானத்துக்குள் தண்ணிச் சாமான் கொண்டுபோக ஏலாது என்ற சட்டம் வந்து கொஞ்சக் காலம். என் தங்கச்சி லண்டனில் வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தாள். மனுசனுக்கு லீவில்லை, எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் பிடித்தார். கைப்பெட்டி மட்டும்தான். ஏற்கெனவே நாலைந்து பேரின் சாமான் வந்து சேர்ந்திருந்தது.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு பிள்ளை இருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். லண்டனில் இருக்கிற தமையனிடம் போகவென்று வெளிக்கிட்டவளை, காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஜேர்மனியில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். அவளுடைய அகதி விண்ணப்பத்தை இங்கே தள்ளிவிட்டார்கள். கையில் இருந்தது டுல்டுங் என்ற ஒரு தாள். உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதுதான் அந்தத் தாளின் அர்த்தம். அந்தத் தாளோடு நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர வழியில்லை. பக்கத்து மாநிலத்துக்குப் போவதற்கே வெளிநாட்டவர் கந்தோரில் அதிகாரியிடம் போய்க் கேட்க வேண்டும்.

அவளுடைய ஐயா, பெற்ற தகப்பன், லண்டனில் தமையன் வீட்டில் இருந்தார். தொண்டையில் வருத்தம். ஆசுபத்திரிக்காரர் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பினால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளை அதிகாரியைச் சந்திக்கக் கந்தோரில் டெர்மின் எடுத்து, ஒருக்காப் போய்ப் பார்த்துவர விடுங்கள் என்று கேட்டாள். ஏலாது என்றுவிட்டார்கள்.

நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க அவள் வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, ஐயா ஒண்டும் சாப்பிடுறாரில்லையாம்."

"இருந்து கதை. ஏன் நிக்கிறாய்?"

இருக்கவில்லை. "போனுக்கும் வாறாரில்லை. அண்ணா போனைக் காதிலை வச்சாலும் தலையைத் திருப்பிப்போடுவராம். நான் இஞ்சை ஐயா, ஐயா எண்டு கத்துவன். ஒரு சத்தமும் வராது. கடைசியாக் கதைச்ச அண்டு கூழ் குடிக்க வேணும் போலை கிடக்கெண்டு சொன்னவர்."

எனக்கு எங்கே வருகிறாள் என்று விளங்கிவிட்டது. "எடி பிள்ளை, லண்டனிலை ஒடியல் மா இல்லையே? எங்களிலும் பாக்க அங்கைதானே கடை கூட. உன்ரை அண்ணியைக் காய்ச்சச் சொல்லன்."

"காய்ச்சினவவாம். வாயிலை வைக்கேல்லையாம்."

"பிறகு உன்ரையை மட்டும் குடிப்பரோ?"

"தெரியாதக்கா. அம்மா செத்தாப் பிறகு அவருக்குக் காய்ச்சிக் குடுத்தது நான்தான். குடிக்காட்டிப் பரவாயில்லை. கொண்டுபோய் அவருக்கு முன்னாலை ஒருக்கா வையுங்கோ. நான் போக ஏலாது. கூழாவது போகட்டும்."

என் கண் கலங்கியது என்று எழுதினால் பொய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மிளகாய்த்தூள் தந்தவர்கள் ஒரு பக்கம், செருப்புத் தந்தவர்கள் ஒரு பக்கம், இப்போது கூழ். கூழை எப்படியடி கொண்டுபோகிறது, தண்ணிப் போத்தலையே பறிக்கிறான்களே என்று கத்தினேன். கத்திவிட்டு, ஐயா செத்துப்போனால் இந்தக் கத்தல் என் காதிலேயே நிற்கும் என்ற பயமும் வந்தது.

வழி சொன்னது என் மனுசன்தான். "ஐஸ்பெட்டிக்குள்ளை வச்சுக் கல்லாக்கி விட்டால் அது தண்ணியில்லைத்தானே" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பாதிப் பேர் மீன்குழம்பை அப்படித்தான் காவுகிறார்கள். ஆனால் அவர்கள் காவுவது பெட்டியில் போட்டு, விமானத்தின் வயிற்றுக்குள். கையில் காவினவர் ஆரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

பிள்ளை அன்றைக்கே காய்ச்சினாள். மீனை அவித்து, முள் ஒன்றுகூட இல்லாமல் பிசைந்து, துணியில் வடித்து, இறாலை மையாய் அரைத்து, பயிற்றங்காயையும் மரவள்ளியையும் கரைய விட்டு, புளி விட்டு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினாள். மாடிப்படி முழுக்க மணம். கீழ்வீட்டு ஜேர்மன்காரி யன்னலைத் திறந்து வைத்தாள். ஒரு பெரிய ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றி, எங்கள் ஐஸ்பெட்டியில் இடம் பண்ணி இறுக்கினோம். வெளிக்கிடும்போது எடுத்துத் தட்டிப் பார்த்தேன். தலையில் போட்டால் மண்டை உடையும்.

மனுசன் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு உடனே திரும்பினார். சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு வயதான ஜேர்மன்காரர் ஐஸ்கிறீம் பெட்டியைத் தூக்கி, மூடியைத் திறந்து, விரலால் தட்டினார். டக் டக் என்றது. என்ன இது என்றார். சூப் என்றேன். திரும்பவும் தட்டினார். "இது சூப்பில்லை, செங்கல்" என்று சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டார். நான் அப்பாடா என்று போய் வாசலுக்குக் கிட்ட இருந்தேன்.

இருந்தேன், இருந்தேன், ஒருவரும் கூப்பிடவில்லை. பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே பிந்தும் என்று வந்தது. பிறகு இன்னும் பிந்தும் என்று வந்தது. பிறகு இரத்து என்று வந்தது. ஏன் என்று சொல்ல ஒரு நாதியில்லை. ஒரு பெட்டை மட்டும் வந்து ஒரு தாள் தந்தாள். அடுத்த இடம் மூன்று நாள் கழித்து, அல்லது காசைத் திருப்பி எடுக்கலாம், அதற்கு இந்த இணையத்தளத்துக்குப் போங்கள். சனம் அவளைச் சுற்றிக் கத்தியது. நானும் தமிழில் கத்தினேன். கோதாரி விழுந்த விமானமும் கண்டறியாத டிக்கெட்டும் என்று ஆசை தீரத் திட்டினேன். அவள் எனக்கும் ஒரு தாள் தந்தாள்.

மனுசனுக்கு போன் அடித்தேன். அவர் பாதி வழியில். "திரும்பி வாறன், அதிலையே நில்" என்றார். வருகிற வழியிலேயே டென்மார்க்கில் இருக்கிற தம்பிக்கு அடித்து, தம்பி அங்கே கம்ப்யூட்டரில் தேடி, ஹொலண்டில் ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து பின்னேரம் லண்டனுக்கு ஒரு சீற்றுக் கண்டுபிடித்து, தன் கிரெடிட் காட்டைக் கொடுத்து எடுத்தும் விட்டான். டென்மார்க்கில் இருந்துகொண்டு, ஜேர்மனியில் நிற்கிறவளுக்கு, ஹொலண்டிலிருந்து இங்கிலாந்துக்கு டிக்கெட். மனுசனின் முகத்தில் ஒரு பெருமை. அந்த நேரம் அதைப் பார்க்கவும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வைகாசி மாதம், நல்ல வெயில். எங்கள் காரில் குளிர் போடுகிற வசதி இல்லை. பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். செங்கலின் ஓரங்கள் இளகத் தொடங்கியிருந்தன. என் கோட்டால் சுற்றினேன். மனுசன் தன் கோட்டையும் கழற்றித் தந்தார். "சுத்தினால் சூடாகாதே?" என்று கேட்டேன். "உள்ளை இருக்கிற குளிர் வெளியிலை போகாது" என்றார். அவர் படித்த விஞ்ஞானம் அது. இரண்டு கோட்டுக்குள்ளும் கூழைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கொஞ்சத் தூரம் போக, றோட்டுப் பலகைகளின் நிறம் மாறியிருந்தது. "எல்லை எங்கை?" என்று கேட்டேன். "அப்பவே தாண்டியாச்சு" என்றார். ஒரு படலை இல்லை, ஒரு பொலிஸ்காரன் இல்லை, ஆரும் கையைக் காட்டக்கூட இல்லை. எத்தனையோ தரம் இப்படித் தாண்டியிருக்கிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு மேல்மாடிப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். நாங்கள் கதைத்துக்கொண்டே தாண்டின எல்லைக்கோட்டை அவள் தாண்டினால் அவளுடைய சீவியம் முடிந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கோபம் வந்தது. ஆரில் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் மனுசன், அவரைப் பேசினேன். ஏன் இவ்வளவு மெல்ல ஓடுறியள் என்று.

ஹொலண்ட் விமான நிலையத்தில் கைப்பெட்டிக்கு நிறை குறைவு. வேறு விமானக்காரர், வேறு சட்டம். கவுண்டர்க்காரி தராசைக் காட்டித் தலையாட்டினாள். ஒன்றில் தண்டம் கட்டி உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் குறைக்க வேண்டும். உள்ளே போட்டால் அந்தப் பெட்டி விழுந்து எழும்பி, கூழ் என் குடிபூரல் சீலைக்குத்தான் மிஞ்சும். நிலத்தில் குந்திப் பெட்டியைத் திறந்தேன். மிளகாய்த்தூளை எடுத்து மனுசனிடம் கொடுத்தேன். செருப்பைக் கொடுத்தேன். தங்கச்சிக்கு வாங்கின குத்துவிளக்கையும் கொடுத்தேன். அவர் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு முழித்தார்.

"சனத்தின்ரை சாமானைத் திருப்பிக் கொண்டு போனால் என்ன கதை வரும் தெரியுமே?" என்றார்.

"வரட்டும். கேட்டால் நான் செத்துப்போனன் எண்டு சொல்லுங்கோ."

எங்களுக்குள் இது சின்ன விஷயமில்லை. வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுத்தால் ஆயுசுக்கும் பகை. பிறகு செருப்புத் தந்தவ ஒரு வருசம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காத வருசம் எனக்கு நிம்மதியாகத்தான் போனது.

சோதனைக்குப் போனேன். பெட்டியைத் திறந்த பெண்பிள்ளை ஐஸ்கிறீம் பெட்டியைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே சளக் என்றது. நடுவில் ஒரு கட்டி மிச்சம். சுற்றிவர எல்லாம் கரைந்துவிட்டது. தண்ணிச் சாமான், கொண்டுபோக ஏலாது என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த பெரிய குப்பைவாளியைக் காட்டினாள். வாளி நிறையத் தண்ணிப் போத்தலும் சம்பூவும். 

நான் பெட்டியை விடவில்லை. ஒரு பக்கம் அவள் பிடித்திருக்க, மற்றப் பக்கம் நான் பிடித்திருந்தேன். காலமை இது கல்லாக இருந்தது, கரைந்தது என் குற்றமில்லை, விமானம் வந்திருந்தால் கரைந்திருக்காது என்று ஜேர்மனிலும் இங்கிலிஷிலும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒருவன் பெருமூச்சு விட்டான். திரும்பிப் பார்த்தேன், அடங்கினான்.

அவளுடைய மேலதிகாரி வந்தார். உயரமான மனுசன், நரைத்த மீசை. மூடியைத் திறந்து மணந்து பார்த்து, தலையைப் பின்னுக்கு இழுத்தார். குழந்தைச் சாப்பாடா என்று கேட்டார். குழந்தைச் சாப்பாடும் மருந்தும் என்றால் விடுவார்களாம். ஓம் என்று சொல்லியிருக்கலாம். கவுண்டரில் எத்தனையோ தரம் பொய் சொன்ன வாய்தான். ஆனால் அந்தக் கோபத்தில் எனக்கு உண்மைதான் வந்தது.

"குழந்தை இல்லை. ஒரு வயது போன மனுசன். லண்டனில் சாகக் கிடக்கிறார். மகள் காய்ச்சினது. மகளுக்குப் போக அனுமதியில்லை. இதை எறிந்தால் நான் போறதில் அர்த்தமில்லை. நீங்கள் என்னை இதிலையே வைத்திருக்கலாம்."

அவர் என்னையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் மருந்து. ஆனால் எங்களுக்கு முன்னால் நீங்கள் குடித்துக் காட்ட வேண்டும்" என்றார்.

குடித்துக் காட்டுவதில் எனக்கு வேறு சிக்கல். கரண்டி இல்லை. பெட்டியில் வாய் வைத்தால் எச்சில். சாகக் கிடக்கிற மனுசனுக்கு, அவருடைய மகள் காய்ச்சிவிட்டதை, நான் எச்சில்படுத்திக் கொண்டுபோய்க் கொடுக்கிறதோ? தலைகீழாய் நின்றாலும் செய்யமாட்டேன். அண்ணாந்து, வாயை அகலத் திறந்து, பெட்டியை முகத்துக்கு மேலே தூக்கிச் சரித்தேன். ஐஸ்கிறீம் பெட்டியால் அண்ணாந்து குடிக்க ஆரும் பழகியிருப்பார்களோ? பாதி வாய்க்குள், பாதி கழுத்தால் சட்டைக்குள். நல்ல உறைப்பு. மூக்கிலும் ஏறிவிட்டது. இருமி, கண்ணால் தண்ணி ஓட, பெட்டியை மட்டும் சரியவிடாமல் பிடித்திருந்தேன். அந்தப் பெண்பிள்ளை ஓடிப்போய்க் கடதாசித் துவாய் கொண்டுவந்து தந்தாள். மேலதிகாரி மூடியைத் தானே இறுக்கி மூடி, சுற்றிவர ஒரு நாடா ஒட்டி, "போங்கள்" என்றார். வரிசையில் பெருமூச்சு விட்டவன் எனக்கு வழி விட்டான்.

விமானத்தில் ஒரு மணித்தியாலம் சட்டைக்குள் கூழோடு இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். இருக்கட்டும், ஓடிப் பிடிக்காமலே எனக்கு நல்ல இடம்.

மனுசன் போனில் சொல்லிவிட, பிள்ளையின் தமையன் லண்டன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். நல்ல பெடியன், ஆனால் நித்திரையில்லாமல் முகம் கறுத்திருந்தது. பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனக்கா இவ்வளவு பாடு? தங்கச்சிக்கு விளங்காது. நேற்றிலிருந்து தண்ணியும் இறங்கேல்லை. இதை அவருக்குக் காட்டி அவரையும் கரைச்சல்படுத்த வேணுமே?" என்றான். எனக்கும் அப்போதுதான் முதன்முதலாகப் பயம் பிடித்தது. இவ்வளவு சண்டை பிடித்துக் கொண்டுவந்தது, அவர் தலையைத் திருப்பினால்? அவள் போனில் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

ஐயா முன்னறையில் கட்டிலில் கிடந்தார். கட்டிலின் கால்வாசி இடம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. கண் மூடியிருந்தது. நான் நேரே குசினிக்குப் போய்க் கூழைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றி, கரண்டியோடு கொண்டுவந்தேன். தமையன் அவரை நிமிர்த்தித் தலையணையில் சாய்த்தான்.

"ஐயா, மகள் காய்ச்சி விட்டது. ஜேர்மனியிலையிருந்து" என்றேன்.

கண் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தேன். கொஞ்சம் உள்ளே போனது. நாக்கு அசைந்தது. தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. தமையன் மூச்சு விடாமல் நின்றான். இரண்டாவது கரண்டியும் போனது. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கிக் கரண்டியைத் தட்டிவிட்டார். கூழ் போர்வையில் சிந்தியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"கோப்பை" என்றார்.

குரல் என்று சொல்ல ஏலாது, ஒரு காற்று. கோப்பையைத் தரட்டாம். தமையன் என்னைப் பார்த்தான், நான் கோப்பையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தார். நான் அடியில் ஒரு கை கொடுத்தேன். தமையன் போனை எடுத்துத் தங்கச்சிக்கு அடித்து, அடித்த கையோடு என்னிடம் நீட்டினான்.

"அக்கா? போய்ச் சேந்திட்டியளோ? வச்சனீங்களோ?"

"வச்சனான், பிள்ளை. குடிக்கிறார். கரண்டி வேண்டாமாம், கோப்பையாலை குடிக்கிறார். உன்ரை அண்ணை நிண்டு அழுகிறான். இரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, எனக்குக்கூடத் தராமல்..."

"அக்கா, கொஞ்சம் கதையாதேங்கோ."

"என்னடி?"

"கதையாதேங்கோ அக்கா. எனக்கு ஐயா உறிஞ்சுற சத்தம் கேக்குது."

நான் வாயை மூடிக்கொண்டு, போனைக் கோப்பைக்குக் கிட்டப் பிடித்தேன்.